கொடைக்கானல் டவர் காலத்தில் டிவியில் விளம்பரமே இல்லையா?

கொடைக்கானல் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: ‘நம்ம டிவி டவர் வந்த புதுசுல தூர்தர்ஷன்ல விளம்பரமே கிடையாது, தனியார் சேனல்கள்தான் கொண்டுவந்தன.’ தவறு.

தூர்தர்ஷனில் விளம்பரம் 1976 ஜனவரி 1 முதலே உண்டு. சென்னை நிலையம் தொடங்கி (1975 ஆகஸ்ட் 15) ஐந்து மாதம்கூட ஆகவில்லை. மலை மேலுள்ள டவர் வெறும் ரிலே நிலையம். வந்த சிக்னலை வாங்கி அப்படியே மறுஒளிபரப்பு செய்தது. விளம்பரமும் அதோடு சேர்ந்தே வந்தது.

அப்புறம் ஏன் இல்லாத மாதிரி நினைவு? விளம்பரங்கள் பெரும்பாலும் நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும்தான் ஓடின. நடுவில் வெட்டுவது குறைவு. சிகரெட், மதுவுக்கு அனுமதியே இல்லை. ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தவர்கள் விளம்பரத்தைக் கவனித்திருக்க மாட்டார்கள்!

பெரிய திருப்பம் 1984 ஜூலை 7: ‘ஹம் லோக்’ தொடர். மேகி நூடுல்ஸ் நிறுவனம் புரவலர். நிறுவனம் பணம் தரும், பதிலுக்குத் தொடரோடு விளம்பர நேரம் பெறும். தொடர்கள் பெருகியது இந்த ஏற்பாட்டால்தான். தனியார் செயற்கைக்கோள் சேனல்கள் வந்தது 1990களில்.