நெற்றியில் பொட்டு, கையில் மெழுகுவத்தி

அந்தப் படத்தை இதற்குள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஊர் வாட்சாப் குழுவில் சுற்றி முடித்து முகநூலுக்கும் வந்துவிட்டது. பினாங்கு புக்கிட் மெர்தாஜத்தில் அன்னம்மாள் கத்தோலிக்கக் கோயிலில் பொட்டும் மெழுகுவத்தியுமாக நிற்பவர் என் அம்மா. "மதம் மாறிவிட்டார், விலை போய்விட்டார்" என்று கீழே எழுதிய அண்ணன்மாருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். போனார், கும்பிட்டார், வந்துவிட்டார். அவ்வளவுதான்.

கூலிம் பக்கத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது என்ன புதுசா? ஜூலை 26 அன்னம்மாள் திருநாள். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தில், பால் நிறுத்துக் கொடுத்த கையோடு குளித்துவிட்டு லயத்து வாசலில் லாரிக்குக் காத்திருப்பார்கள். கிறிஸ்தவர்களும் ஏறுவார்கள், நம் ஆட்களும் ஏறுவார்கள். அங்கே மெழுகுவத்தி ஏற்றும் இடம் அனல் அடிக்கும். சூட்டில் ஒன்றும் நேராக நிற்காது. இடுப்பு வளைந்து பக்கத்தில் இருப்பதன் மேல் சாயும். அம்மா தன்னுடையதை நிமிர்த்தும்போது யாரோ ஏற்றிவிட்டுப் போனதையும் சேர்த்து நிமிர்த்துவார். அப்புறம் போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவோம். 1888இல் கட்டிய பழைய கோயில் இன்னும் அங்கே நிற்கிறது. ஒருமுறை போய்த்தான் பாருங்களேன்.

"பார்க்கத்தானே போனார், எதற்கு ஏற்றினார்?" என்பீர்கள். பூசை நேரத்தில் பீடத்துக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுப்பவன் சுற்றுலாப் பயணி, ஓரமாக நின்று கைகூப்புகிறவர் மதம் மாறியவர். நல்லா இருக்கிறது உங்கள் நியாயம்! நற்கருணை கொடுக்கும்போது அம்மா வரிசையில் போகமாட்டார். அது ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர்களுக்கு என்று தெரிந்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். நாலாம் வகுப்போடு நின்றவருக்கு இது தெரிகிறது.

மதமாற்றமே நடக்கவில்லையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எங்காவது நடக்கலாம். நான் பேசுவது என் அம்மாவைப் பற்றி. போனார், கும்பிட்டார், வந்துவிட்டார்.

வேளாங்கண்ணியில் மொட்டை போட்டுக்கொள்ளும் இந்துக்கள் எத்தனை பேர்! தமிழ்நாட்டுக்குச் சுற்றுலா போனபோது நம் குழுவின் பெரிய மனிதர் ஒருவரும் அங்கே மாலையும் கையுமாக நின்றார். படம் என்னிடம் இருக்கிறது. போடமாட்டேன், பயப்பட வேண்டாம்.

ஜெருசலேமில் இயேசுவின் கல்லறைக் கோயிலை ஆறு கிறிஸ்தவ சபைகள் பங்கு பிரித்து வைத்திருக்கின்றன. ஆனால் வாசல் சாவி இருப்பது ஜூதே என்ற முஸ்லிம் குடும்பத்திடம். கதவைத் திறப்பது நுசைபே என்ற இன்னொரு முஸ்லிம் குடும்பம். பல நூறு வருடமாக நடக்கிறது. அவர்கள் விலை போய்விட்டார்களா? எனக்கும் அங்கே போய்ப் பார்க்க ஆசைதான். நம் மலேசியப் பாஸ்போர்ட்டில் இஸ்ரேல் தவிர என்று அச்சடித்திருக்கிறதே, என்ன செய்வது. இந்த ஆசைக்கும் கீழே ஏதாவது எழுதுவீர்கள், எழுதுங்கள்.

சமயப் பற்றைப் பற்றி எனக்கு வகுப்பு எடுக்காதீர்கள். தோட்டம் கைமாறி நம் மாரியம்மன் கோயிலைப் பெயர்க்கச் சொன்னபோது, லாரிக்கும் ஆளுக்கும் உதவி கேட்டு இதே குழுவில்தான் செய்தி போட்டேன். எல்லாருக்கும் நீலக் கோடு விழுந்தது. பதில் ஒன்றும் வரவில்லை. அன்று மழை வேறு. அம்மனுக்குக் கொட்டகை போட ஏணியோடு வந்தவர்கள் அந்தோணியார் கோயில்காரர்கள். தகரமும் அவர்களுடையதுதான். மறுநாள் காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.