லாஸ் வேகாஸில் தண்ணீர் முன்பே இருந்தது

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரம் பிறந்த கதையைச் சொல்லும் அந்தக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் கீழே நான் எழுதியதற்குக் கிடைத்த வசவுகளையும் பார்த்திருப்பீர்கள். "ஒன்றுமில்லாத பாலைவனத்தில் இரயில்வே ஒரு நகரத்தை உண்டாக்கியது" என்று அதில் வரும் ஒரே வரியைத்தான் மறுத்தேன்; இப்போதும் மறுக்கிறேன். அங்கே தண்ணீர் இருந்தது. தண்ணீர் இருந்ததால்தான் இரயில் அங்கே நின்றது.

லாஸ் வேகாஸ் என்றால் ஸ்பானிய மொழியில் புல்வெளிகள் என்று பொருள். மொஹாவி பாலைவனத்தின் நடுவே ஊற்றுநீர் தானாகப் பொங்கிப் புல் வளர்த்த இடம் அது. தெற்குப் பையூட் என்ற பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அந்த ஊற்றங்கரையில் வாழ்ந்தார்கள். 1855இல் மண்சுவர்க் கோட்டை கட்டிய மோர்மன் என்ற மதப் பிரிவினரும் அந்த நீரை நம்பியே வந்தார்கள். 1902இல் செனட்டர் வில்லியம் கிளார்க்கின் இரயில் நிறுவனம், ஹெலன் ஸ்டூவர்ட் என்ற பெண்மணியின் பண்ணையை வாங்கியதும் அந்த நீருக்காகத்தான்.

என் அப்பா நீராவி எஞ்சினில் ஃபயர்மேனாக இருந்தவர். எந்த ஊரின் பெயரைச் சொன்னாலும், அங்கே எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க முடியுமா, அது உப்பா நல்ல தண்ணீரா என்பதைத்தான் முதலில் சொல்வார். உப்புத் தண்ணீர் பாய்லரைக் கெடுத்துவிடும் என்ற கவலை அவருக்குக் கடைசிவரை இருந்தது. அவரிடம் வளர்ந்த எனக்கு, நீரை விட்டுவிட்டு இரயிலைப் பற்றிப் பேசத் தெரியாது.

"இரயில் வராவிட்டால் நகரமே இல்லையே" என்கிறீர்கள். உண்மைதான், 1905 மே மாதம் மனைகளை ஏலம் விட்டு நகரத்தைத் தொடங்கியது இரயில் நிறுவனம்தான். அதை நான் எங்கே மறுத்தேன்? "அங்கிருந்தவர்கள் கொஞ்சம் பேர்தானே" என்று நான் மதிக்கும் நண்பர் ஒருவர் கேட்டதுதான் என்னை இரவெல்லாம் உறங்கவிடவில்லை. கொஞ்சம் பேர் குடித்தால் அது யாருமற்ற ஊற்றாகிவிடுமா? அந்த ஊற்று, இரயில் நிறுவனத்தின் சொத்தாகிவிட்ட பிறகு, 1911இல் ஹெலன் ஸ்டூவர்ட் வழியாகப் பையூட் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டது 10 ஏக்கர். பத்தே ஏக்கர், நண்பரே.

நகரம் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச ஊற்று வற்றி, 1962இல் நீர் தரைக்கு மேலே வருவது நின்றுபோனது. அந்த வறண்ட இடத்தில் என் மகளோடு நின்றிருக்கிறேன். "இங்கேயா தண்ணீர் இருந்தது?" என்று அவள் நம்பாமல் கேட்டாள். இருந்தது என்று சொல்லிக் கூட்டிவந்தேன். நேற்று அவளும் அந்தக் காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.