மறுபடியும் ஒரு பிரியாவிடை

அதே வாழ்த்து அட்டை, அதே குழுப்படம், அதே "நீங்க எப்பவும் நம்ம குடும்பம்தான்". எந்தக் குடும்பத்தில் ஐயா நிதியாண்டு முடிந்ததும் பிள்ளையை வெளியே அனுப்புகிறார்கள்? இளைஞர்களுக்கு உடல்நலக் கல்வி தரும் தொண்டு நிறுவனம் இது, இங்கே பாதிப் பேர் விரும்பியா போகிறார்கள்? நன்கொடை முடிந்தது, ஒப்பந்தம் முடிந்தது, ஆளும் கிளம்பியாச்சு. ஆனால் மைக் பிடித்தவர் "புதிய வானம் தேடிப் பறக்கிறார்" என்பார், நாமும் கைதட்ட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரை வளரிளம் பருவம் என்கிறது. அந்த வயதில் ஒரு பிள்ளை மாதவிடாய் பற்றியோ ஆணுறை பற்றியோ தூங்கவிடாத பயத்தைப் பற்றியோ வாய் திறக்க எத்தனை வகுப்பு ஆகும் தெரியுமா? கடைசியில் ஒருவரை நம்பி, எல்லோரும் போனபின் தயங்கித் தயங்கி வந்து கேட்கும். அடுத்த வாரம் அந்த அக்கா இல்லை. எங்கே போனாங்க என்று கேட்டால் யார் பதில் சொல்வது, நன்கொடையாளரா? அந்த நம்பிக்கையை எக்செல் கோப்பின் எந்தக் கட்டத்தில் போட்டு ஒப்படைப்பது?

ஒப்படைப்பாம் ஒப்படைப்பு! 'இறுதி', 'புதிய இறுதி', 'உண்மையான இறுதி' என்று கோப்புகள் கிடக்கும், கடவுச்சொல் மட்டும் போனவரோடு போயிருக்கும். அவர் வேலை? இருப்பவர்கள் தலையில், அதே சம்பளத்துக்கு. அப்புறம் மன அழுத்தத்தைக் கையாள்வது எப்படி என்று நாங்களே போய்ப் பாடம் வேறு எடுக்கணும்.