கஞ்சாவை எரித்தால் வழக்கு முடிந்துவிடாது

"ஏற்காடு அடிவாரத்தில் பிடிபடும் கஞ்சாவைத் தீர்ப்புக்கு முன்பே எரித்துவிடுகிறார்கள், சாட்சியம் இல்லாததால் எல்லோருக்கும் விடுதலை" என்றொரு தகவல் சேலம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தீர்ப்புக்கு முன்பே எரிக்கச் சட்டம் இடம் தருகிறது; ஆனால் அதனால் சாட்சியம் இல்லாமல் போய் எல்லோரும் விடுதலையாகிறார்கள் என்பது தவறு.

விசாரணை முடியும் முன்பே அழிக்க அனுமதிப்பது 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 52ஏ பிரிவுதான். ஆனால், நினைத்தவுடன் கொளுத்திவிட முடியாது. பொருளின் அளவு, தன்மை, பொதியின் அடையாளம் எல்லாவற்றையும் பட்டியலிட்டு மாஜிஸ்திரேட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். அவர் முன்னிலையில் புகைப்படமும் மாதிரியும் எடுக்கப்பட்டு, அவரே சான்றளிக்கிறார். அந்தப் பட்டியல், படங்கள், எடுக்கப்பட்ட மாதிரிகளின் பட்டியல் ஆகியவற்றையே முதன்மைச் சாட்சியமாக நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்கிறது அதே பிரிவு. கிடங்கில் குவிந்து கிடந்தால் திருடுபோகும், வேறு பொருள் மாற்றி வைக்கப்படும் என்ற அச்சமே இந்த ஏற்பாட்டுக்குக் காரணம். நியாயமான அச்சம்.

நடைமுறையில் பிழை நேர்ந்தால் எதிர்த்தரப்பு கேள்வி எழுப்பலாம், எழுப்பவும் வேண்டும். எனினும் அந்தப் பிழை மட்டுமே வழக்கை வீழ்த்திவிடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

சட்ட வாசகத்தை மத்திய அரசின் 'இந்தியா கோட்' இணையதளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். பிடிபட்டாலும் தப்பிவிடலாம் என்று இளைஞர்களை நம்பவைக்கும் இந்தச் செய்தியை, தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.