அலமாரியில் இருக்கிறது, ஆனால் அனுப்ப முடியாது

“எல்லாம் ஃபோனிலேயே கிடைக்கும்போது நூலகம் எதற்கு?” என்று நூலகரான என்னிடமே கூச்சமில்லாமல் கேட்கிறார்கள். எல்லாம் கிடைக்கிறதா? ஃபோனில் சட்டப்படி கிடைக்கும் தமிழ் நூல்கள் பெரும்பாலும் இரண்டு வகை. எழுதியவர் மறைந்து அறுபது ஆண்டு கடந்ததால் பதிப்புரிமை முடிந்தவை அல்லது அரசு நாட்டுடைமையாக்கியவை ஒரு வகை. இப்போது விற்பனையில் இருப்பவை இன்னொரு வகை. இரண்டுக்கும் நடுவே, 1950 முதல் 1990 வரை அச்சாகி ஒரே பதிப்போடு நின்றுபோன பெருங்கூட்டம் ஒன்று உண்டு. அந்த நூல்கள் கடையிலும் இல்லை, ஃபோனிலும் இல்லை. எங்களைப் போன்ற நூலகங்களின் அலமாரியில் இருக்கின்றன. ஸ்கேனர் இருக்கிறது, இணையம் இருக்கிறது, கேட்கும் வாசகரும் இருக்கிறார். ஆனாலும் அனுப்ப முடியாது. சட்டம் குறுக்கே நிற்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன்.

ஓர் உதாரணம். எங்கள் நூலகத்தில் வட்டார வரலாறு ஒன்று உள்ளது. 1962இல் உள்ளூர் அச்சகத்தில் அடித்தது, விலை ஒன்றரை ரூபாய். எழுதியவர் ஒரு பள்ளித் தலைமையாசிரியர். ஏரிப் பாசனத்தை யார் யார் எப்படிப் பங்கிட்டார்கள், சந்தை எந்த ஆண்டு எங்கிருந்து எங்கே மாறியது, எந்தச் சத்திரத்தை யார் கட்டினார்கள் என்று தெருத்தெருவாக விசாரித்து எழுதியிருக்கிறார். தாள் அப்பளம்போல் ஒடிகிறது. கம்பித் தையல் துருவேறி, நடுப்பக்கங்களில் செம்பழுப்பாகக் கறை இறங்கியிருக்கிறது. கவிழ்த்து வைக்கும் ஸ்கேனரில் அழுத்தினால் முதுகு பிளந்துவிடும். அதனால் மேலிருந்து படம் பிடிக்கும் கருவியில், மெல்லிய தூரிகையால் செல்லுப்பூச்சித் தூசியைத் தட்டி, ஒவ்வொரு பக்கமாக எடுத்தோம்.

இதுவரை சட்டம் எங்கள் பக்கம்தான். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்துக்கு 2012இல் கொண்டுவந்த திருத்தம், லாப நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடமுள்ள அச்சு நூலைப் பாதுகாப்பதற்காக மின்வடிவில் சேமித்து வைக்க இடம் தருகிறது. இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத நூலுக்கு நூலகம் தன் பயன்பாட்டுக்கென மூன்று பிரதிவரை எடுத்துக்கொள்ளலாம் என்பது அதற்கும் வெகு முந்தைய ஏற்பாடு. ஆனால் ‘பாதுகாப்பதற்காக’ என்றால் பாதுகாக்க மட்டும்தான். வாசகருக்கு அனுப்புவதைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்கூடக் கிடையாது. எனவே அந்தக் கோப்பு எங்கள் கணினியில் பத்திரமாகத் தூங்குகிறது.

ஓர் ஆய்வு மாணவி வெளி மாவட்டத்திலிருந்து தொலைபேசியில் கேட்டார்: “சார், பிடிஎஃப் அனுப்ப முடியுமா?” முடியாது, நேரில் வாருங்கள் அம்மா என்றேன். இரண்டு பஸ் மாறி வந்தார். மேசையில் நூலை விரித்து, தேவையான பக்கங்களை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டார். சொந்த ஆய்வுக்காக நியாயமான அளவில் எடுத்துக்கொள்ளலாம் என்று 52ஆம் பிரிவு சொல்கிறது, ஆகவே அதில் குற்றமில்லை. அதே பக்கங்களை இதைவிடத் தெளிவாக நாங்கள் எடுத்து வைத்திருக்கிறோம். அதை நான் மின்னஞ்சலில் அனுப்பினால் ‘நியாயமான அளவா’ என்ற கேள்வி வரும். எது நியாயமான அளவு என்று எந்தப் பிரிவும் எண்ணிச் சொல்லவில்லை, வழக்கு வந்தால் நீதிமன்றம் சொல்லும். அதுவரை கையெழுத்துப் போட்ட நூலகரின் தலைதான் உருளும். எந்த நூலகர் துணிவார்? நடுங்கும் தாளை இன்னொரு முறை புரட்ட விட்டதுதான் இந்த எச்சரிக்கையால் கண்ட பலன்.

சரி, உரிமையாளரிடம் அனுமதி வாங்கலாமே என்பீர்கள். அந்தத் தலைமையாசிரியர் 1979இல் காலமானார். அதற்கடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டு கணக்கிட வேண்டும், அதாவது 2039 முடியும்வரை உரிமை வாரிசுகளுடையது. (முதலில் சட்டத்தில் ஐம்பது ஆண்டுதான் இருந்தது. தாகூர் படைப்புகளின் உரிமை முடியும் நேரத்தில், 1992இல், அறுபதாக்கினார்கள். தாகூருக்காகச் சேர்த்த பத்தாண்டை எங்கள் தலைமையாசிரியரும் சுமக்கிறார்.) அவருக்கு மூன்று பிள்ளைகள். அப்பா புத்தகம் எழுதியது அவர்களுக்குத் தெரியும். அதன் உரிமை தங்களிடம் இருப்பது தெரியாது. ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார், இன்னொருவரின் முகவரி கிடைக்கவில்லை. மூவரும் சேர்ந்து ஒப்பினால்தான் எழுத்துப்பூர்வமான அனுமதி செல்லும்.

உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத நூல்களுக்கும் சட்டத்தில் ஒரு வழி உண்டு. 31ஏ பிரிவின்படி, உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமலே நூலை வெளியிட விடும் கட்டாய உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் நாட்டின் பெரும்பகுதியில் விற்பனையாகும் ஓர் ஆங்கில நாளேட்டில் அறிவிப்பு வெளியிட வேண்டும். இந்த விண்ணப்பங்களைக் கேட்க இருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தையும் 2021இல் கலைத்துவிட்டதால், இனி நீதிமன்றப் படிதான் ஏற வேண்டும். ஒன்றரை ரூபாய்த் தமிழ் நூலுக்கு ஆங்கில நாளேட்டில் விளம்பரம், அதன்மேல் வக்கீல் கட்டணம்! தட்டுமுட்டுச் செலவுக்கே பற்றாக்குறையில் ஓடும் நூலகங்கள் இதைச் செய்யும் என்று எழுதி வைத்தவர் ஒருநாளும் கிளை நூலகத்துக்குள் கால் வைத்திருக்க மாட்டார்.

தமிழ்நாட்டில் நாட்டுடைமை என்றொரு நல்ல வழி இருக்கிறது. பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949இல் ஓமந்தூரார் காலத்து அரசு வாங்கி, பிறகு மக்களுக்குப் பொதுவாக்கியது. அதன்பின் எத்தனையோ எழுத்தாளர்களின் குடும்பங்களுக்குப் பரிவுத்தொகை கொடுத்து நூல்களைப் பொதுவாக்கியிருக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இன்று நாம் தாராளமாகப் படிப்பதில் ஒரு பகுதி அப்படி வந்ததுதான். ஆனால் அந்தப் பட்டியலில் இடம்பெறுகிறவர் பெயர் பெற்ற எழுத்தாளராக இருக்க வேண்டும், அவருக்காகப் பேச நாலு பேர் வேண்டும், அரசாணை வர வேண்டும். நாவலாசிரியருக்கும் தமிழறிஞருக்கும் அது நடக்கிறது. தச்சு வேலை பற்றி எழுதியவர், மாட்டு வைத்தியம் எழுதியவர், ரஷ்ய நூலைத் தமிழாக்கியவர், ஊர் வரலாறு எழுதிய வாத்தியார் ஆகியோருக்காக யார் மனு கொடுப்பார்கள்?

பழையதை விடுங்கள், புதியதில் நடப்பது இதைவிடக் கவலை தருகிறது. காசு கொடுத்து அச்சு நூலை வாங்கிவிட்டால் அந்தப் பிரதி நூலகத்தின் சொத்து. பிரதிகளைப் பொதுமக்களுக்கு வெளியிடும் உரிமை ஆசிரியருக்கு உண்டு, ஆனால் ‘ஏற்கெனவே புழக்கத்திலுள்ள பிரதிகள் நீங்கலாக’ என்று சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. நூல் கிழியும்வரை நூறு பேருக்கு இரவல் கொடுக்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. மின்நூலில் விற்பனை என்பதே கிடையாது, உரிமம் மட்டும்தான். 2011இல் ஹார்ப்பர் காலின்ஸ் பதிப்பகம் அமெரிக்க நூலகங்களுக்கு ஒரு நிபந்தனை போட்டது: ஒரு மின்நூலை 26 முறை இரவல் கொடுத்ததும் உரிமம் காலாவதி, மறுபடியும் காசு கட்ட வேண்டும். 2019 நவம்பரில் மேக்மில்லன் பதிப்பகம், புதிய நூல் வெளியான முதல் எட்டு வாரங்களுக்கு ஒரு நூலக அமைப்புக்கு ஒரே ஒரு மின்பிரதிதான் என்றது. நூலகங்கள் கொதித்துப் புறக்கணிப்பில் இறங்கின, 2020 மார்ச்சில் நிறுவனம் பின்வாங்கியது.

அங்கே சண்டை போடுவதற்காவது ஒரு சந்தை இருக்கிறது. இங்கே எங்கள் ஊர் நூலகம் ஒரு தமிழ் மின்நூலை வாங்கி உறுப்பினருக்கு இரவல் கொடுக்க நினைத்தால் விற்பதற்கு ஆள் கிடைப்பது அரிது. அமேசான் நிறுவனத்தின் கிண்டிலில் நாம் ‘வாங்கும்’ நூல் அவரவர் சொந்தப் பயன்பாட்டுக்கான உரிமம். நூலகக் கணக்கில் வாங்கி ஊருக்குச் சுற்றுக்கு விட அதில் இடமில்லை. அச்சில் வராமல் கிண்டிலில் மட்டும் வெளியான தமிழ் நாவல்கள் இப்போது ஏராளம். 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு வர வேண்டும். அந்தச் சட்டம் பேசுவது அச்சு நூலைப் பற்றி. மின்நூலாக மட்டும் வந்த நாவலை நாளைக்கு அந்த நிறுவனம் எடுத்துவிட்டால், அப்படியொரு நூல் வந்ததற்கு எந்த நூலகத்து வரவுப் பதிவேட்டிலும் சாட்சி இருக்காது.

இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமெரிக்க இணைய நூலகத்தின் வழக்கைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. தன்னிடம் அச்சுப் பிரதி ஒன்று இருந்தால், ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் அதன் மின்பிரதியை இரவல் தருவது என்பதுதான் அவர்கள் வைத்திருந்த முறை. எனக்கு அது முழுக்க நியாயமாகவே படுகிறது. ஆனால் 2020 மார்ச்சில், ஊரடங்கைக் காரணமாகக் காட்டி, அந்த ‘ஒருவருக்கு ஒன்று’ வரம்பைத் தூக்கிவிட்டார்கள். அது தவறு. எதிராளியின் கையில் தாங்களே கத்தியைக் கொடுத்தார்கள். ஜூன் மாதம் நான்கு பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 2023 மார்ச்சில் வந்த தீர்ப்பு, ஊரடங்குக் காலத் தாராளத்தை மட்டுமல்லாமல், ஒன்றுக்கு ஒன்று என்ற மூல முறையையே செல்லாது என்றது. 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. வழக்கில் குறிப்பிட்டவை 127 நூல்கள். இரவலிலிருந்து விலக்க வேண்டியிருந்தது ஐந்து லட்சத்துக்கும் மேல் என்று ஆர்க்கைவ் சொல்கிறது.

இவ்வளவு பேசுவதால் நான் பதிப்பாளருக்கு எதிரி என்று யாரும் எண்ண வேண்டாம். சென்ற வாரம் வெளியான நாவலை டெலிகிராமில் ஏற்றிவிட்டு ‘அறிவு பொதுவுடைமை’ என்று வசனம் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சில நூறு பிரதிகள் அடித்துவிட்டு, அதை விற்க ஊர் ஊராகப் புத்தகக் காட்சிக்குப் பெட்டி சுமக்கும் சிறு பதிப்பாளரின் வயிற்றில் அடிப்பதற்குப் பெயர் பொதுவுடைமை இல்லை, திருட்டு. வேடிக்கை என்னவென்றால், கடையில் கிடைக்கும் நூல்தான் டெலிகிராமில் முந்திக்கொண்டு வருகிறது. யாருக்கும் நட்டமில்லாத 1962ஆம் ஆண்டு நூல் பெரும்பாலும் அங்கேயும் இருப்பதில்லை. சட்டத்தை மதிக்கிற நூலகம் கைகட்டி நிற்க, மதிக்காதவன் விநியோகம் செய்கிறான்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. நார்வே தேசிய நூலகம், உரிமையாளர்களின் கூட்டமைப்பான கோபினோருடன் ஒப்பந்தம் போட்டு, 2000 வரை அந்த நாட்டில் வெளியான நூல்களை இணையத்தில் படிக்கத் திறந்துவிட்டது. பதிப்புரிமை உள்ள நூலைப் படிக்கலாம், பதிவிறக்க முடியாது. நாட்டுக்குள் இருப்பவர்களுக்கே அந்த வசதி. பக்கக் கணக்கில் அரசு பணம் கொடுக்கிறது. தன் நூல் வேண்டாம் என்று நினைக்கும் ஆசிரியர் விலக்கிக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியமும் 2019ஆம் ஆண்டு நெறிமுறையில், விற்பனையில் இல்லாத நூல்களை நூலகங்கள் லாப நோக்கமின்றி இணையத்தில் வைக்க வழி செய்தது. அங்கும் மறுக்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு.

அவை பணக்கார நாடுகள் என்று தள்ளிவிட வேண்டாம். இதே 2012 திருத்தம்தான் பார்வையற்றோர் முதலான மாற்றுத்திறனாளிகளுக்காக, யாரிடமும் அனுமதி கேட்காமல், நூலை அவர்கள் படிக்கத்தக்க வடிவில் மாற்றித் தரலாம் என்றது. அதையே உலக அளவில் கொண்டுசென்ற மராக்கேஷ் ஒப்பந்தத்தை 2014இல் முதலில் ஏற்று உறுதி செய்த நாடும் இந்தியாதான். அதனால் எந்தப் பதிப்பகமும் இழுத்து மூடப்படவில்லை. மனமிருந்தபோது கதவு திறந்ததல்லவா?

பணமும் இல்லாமல் இல்லை. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. வெளிநாட்டு ஆய்விதழ் நிறுவனங்கள் உட்பட 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்கள் படிக்கலாம். நல்லதுதான், நானும் வரவேற்றவன். ஆனால் கிளை நூலகத்தில் உட்கார்ந்து படிப்பவர் அந்தக் கணக்கில் இல்லை. அந்தத் தொகையில் ஒரு துளியை ஒதுக்கினாலும், பக்கத்துக்கு இவ்வளவு என்று, விற்பனையில் இல்லாத தமிழ் நூல்களின் வாரிசுகளுக்குக் கொடுத்துவிடலாம். சொத்து வரியோடு நாம் கட்டும் பத்து சதவீத நூலக வரியும் இருக்கிறது. அதை உள்ளாட்சிகள் நூலகத் துறைக்கு ஒழுங்காகக் கொடுத்தால் என்ற பழைய புலம்பலை இங்கே தொடங்க வேண்டாம்.

என் கோரிக்கை சிறியது. பத்தாண்டுகளாக விற்பனையில் இல்லாத நூல், நூலகத்தில் அச்சுப் பிரதி இருக்கிறது. அப்படியானால் ஒரு பிரதிக்கு ஒரு வாசகர் என்ற வரம்போடு மின்வடிவில் இரவல் தரச் சட்டம் இடம் தரட்டும். உரிமையாளர் வந்து கேட்டால் அன்றே நிறுத்திவிடலாம், அல்லது அவருக்குத் தொகை கொடுக்கலாம்.

சட்டம் திருந்தும்வரை காத்திருக்க முடியாது என்பதால், நான் எழுத்தாளர்களிடமும் வாரிசுகளிடமும் கடிதம் வாங்கத் தொடங்கியிருக்கிறேன். இலங்கைத் தமிழ் நூல்களுக்காக 2005 முதல் இயங்கிவரும் நூலகம் திட்டம் படைப்பாளிகளின் ஒப்புதலைக் கேட்டு வாங்கி நூல்களை வலையேற்றுகிறது. அந்த வழிதான். இந்தப் பதிவைப் படிக்கும் எழுத்தாளர்கள், எழுத்தாளர்களின் பிள்ளைகள் யாராக இருந்தாலும், உங்கள் ஊர் நூலகருக்கு இப்படி எழுதிக் கொடுங்கள். இதன் வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

“கீழ்க்காணும் நூல்களின் பதிப்புரிமை என்னுடையது. இவை இப்போது விற்பனையில் இல்லை. இவற்றை மின்வடிவில் சேமிக்கவும், வாசகர்கள் கட்டணமின்றிப் படிக்கத் தரவும் நூலகத்துக்கு அனுமதி அளிக்கிறேன். மறுபதிப்பு வந்தால் எழுத்து மூலம் தெரிவிப்பேன், அதன்பின் இந்த அனுமதி செல்லாது.”

கீழே நூல்களின் பெயர், முதற்பதிப்பு ஆண்டு, கையெழுத்து, தேதி. வாரிசுகள் ஒருவருக்கு மேல் இருந்தால் எல்லோரும் கையெழுத்திடுங்கள்.