ஆமாம், ஸ்பீக்கரை நிறுத்தச் சொன்னது நான்தான்

அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். கப்பல் மேல்தளத்தில் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டவர்களைப் பார்த்து "பாட்டை நிறுத்துங்க" என்று கத்தும் பச்சை ஜாக்கெட் நான்தான். "பனிக்கட்டிக்குக் காது இருக்கா?" என்ற கமென்டுக்கு அத்தனை சிரிப்புப் பொம்மைகள். சரி, சிரியுங்கள்.

அலாஸ்காவின் கிளேசியர் பே என்ற வளைகுடாவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய பயணக் கப்பல்களுக்குத்தான் அனுமதி. அதில் ஒன்றில் இடம் கிடைத்து, மார்ஜரி பனியாற்றின் முன்னால் வந்து நிற்கிறோம். நீருக்கு மேல் 250 அடி உயரத்துக்கு நீலச் சுவர். உள்ளுக்குள் எங்கோ துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு விரிசல். பிறகு ஒரு துண்டு சரியும். அது விழுவது முதலில் தெரியும், சத்தம் தாமதமாகத்தான் வந்து சேரும். அங்கே காலங்காலமாக வாழும் திலிங்கித் மக்கள் இதை 'வெள்ளை இடி' என்கிறார்கள். இடியைக் கேட்கத்தானே போனோம்? குத்துப்பாட்டை எங்கேயும் கேட்கலாமே!

"நாங்களும் காசு கொடுத்துத்தான் வந்தோம்." நான் என்ன, கடலில் நீந்தியா வந்தேன்?

"ரேஞ்சர் மட்டும் மைக்கில் பேசலாமா?" பேசலாம், அவர் அங்குள்ள தேசியப் பூங்காவின் அதிகாரி. 1794-இல் ஆங்கிலேயக் கடலோடி வான்கூவரின் ஆட்கள் வந்தபோது வளைகுடாவின் வாயருகிலேயே பனி நின்றது. 1879-இல் இயற்கை ஆய்வாளர் ஜான் மியூர் வந்தபோது நாற்பது மைலுக்கு மேல் உள்ளே போயிருந்தது. இதை ரேஞ்சர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சொல்லி முடித்ததும் அவரே மைக்கை அணைத்துவிட்டார், கவனித்தீர்களா?

"உன் கப்பல் விட்ட புகை?" இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் அதற்கும் ஸ்பீக்கருக்கும் என்ன சம்பந்தம்?

வீடியோவில் இல்லாத ஒன்று, என் பக்கத்தில் நின்ற அம்மா. இரண்டு காதிலும் கருவி. பேச்சு, காற்று, பாட்டு எல்லாவற்றையும் ஒரே இரைச்சலாக்கிக் காதுக்குள் கொட்டும் அது. மூன்று மாதமாக 'அந்தச் சத்தம்' பற்றியே பேசிக்கொண்டிருந்தார். இது தெரிந்த என் சொந்தச் சித்தி மகளே வீடியோவைப் பகிர்ந்து, "அக்கா எப்பவுமே இப்படித்தான்" என்று எழுதியிருக்கிறாள். எப்படித்தான், சொல்லேன்? உன் கல்யாணத்தில் மூன்று நாள் தூங்காமல் ஓடினேனே, அப்படியா?

அன்று இருந்ததிலேயே பெரிய துண்டு விழுந்தது பாட்டு உச்சத்தில் இருந்தபோதுதான். தண்ணீர் எழும்பியதை அம்மா பார்த்தார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "சத்தம் வந்துச்சாம்மா?" என்றார்.

அதற்குப் பிறகுதான் நான் கத்தினேன்.