செவிடு என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்

மலேசியாவில் எங்கள் பகாவ் பக்கம் எந்தச் செம்பனைத் தோட்டத்தில் விசாரித்தாலும் ஒரு 'செவிட்டு மாமா' இருப்பார். அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்கு ஆளே தெரியாது, "மில்லுல பாய்லர் பார்த்தாரே, அந்தச் செவிட்டு மாமா" என்றால்தான் தெரியும். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் அந்தச் சொல்லின் மேல் இல்லை.

செவிடு திட்டுவதற்கென்று பிறந்த சொல் கிடையாது. செவி என்பதிலிருந்து வந்தது, அவ்வளவுதான். தெலுங்கில் செவி, செவுடு. கன்னடத்தில் கிவி, கிவுடு. பழைய ககரம் கன்னடத்தில் அப்படியே நின்றுவிட்டது, நம் பக்கம் சகரமாகிவிட்டது, அவர்களுடைய கிறு நமக்குச் சிறு ஆன மாதிரி.

சொல் பழசு என்பதற்குப் புறநானூறே சாட்சி. 28ஆம் பாட்டில் 'ஊமும் செவிடும்' என்று வருகிறது. கூன், குறள் என்று எட்டு வகைப் பிறப்பை அடுக்கி, எண்பேரெச்சம் என்று பெயர் வைத்து, இவற்றால் ஊதியம் இல்லை என்று சொல்லிவிடுகிறது அந்தப் பாட்டு. ஔவையார் பெயரில் நாம் பள்ளியில் ஒப்பித்ததும் 'கூன் குருடு செவிடு பேடு நீங்கிப் பிறத்தல் அரிது' என்றுதான். இரண்டிலும் அது பிறப்போடு வருவது. அந்த நினைப்புதான் இன்னும் நம் வாயில் இருக்கிறது. செவிடு என்றதும் தலையெழுத்து என்று நினைத்து, மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை.

மாமா அப்படிப் பிறக்கவில்லையே! செம்பனை எண்ணெய் மில்லில் பாய்லர், டர்பைன், பழம் அவிக்கும் கலனிலிருந்து பீறிடும் நீராவி, இதற்கு நடுவில் காதில் ஒன்றும் மாட்டாமல் வருஷக்கணக்காக நின்றவர். அந்த இரைச்சல் உள்காதில் இருக்கும் நுண்மயிர்ச் செல்களைக் கொன்றுவிடும், செத்தது திரும்ப முளைக்காது. முதலில் போவது உயர்ந்த அதிர்வெண் ஒலிகள், 4000 ஹெர்ட்ஸ் பக்கம். அதனால்தான் அவர் "சத்தம் கேக்குது, பேசுறது புரியல" என்கிறார். உயிரொலி காதில் விழும், 'ச' மாதிரி மெய்கள் நழுவிவிடும். நாம் என்னவென்றால் இன்னும் பலமாகக் கத்துகிறோம். கத்தினால் அவருக்குக் காது வலிக்குமே தவிர சொல் தெளியாது. எதிரே நின்று, முகம் தெரிய, நிதானமாகப் பேசினால் பாதி புரிந்துவிடும்.

இதற்குச் சட்டமும் இருக்கிறது. தொழிற்சாலை இரைச்சலுக்கு 1989லேயே விதிகள் வந்துவிட்டன. 2019 விதிகளின்படி ஒரு நாள் இரைச்சல் அளவு 85 டெசிபலைத் தாண்டினால் முதலாளி தொழிலாளிக்கு ஆண்டுதோறும் செவிச் சோதனை செய்ய வேண்டும். வேலை இரைச்சலால் வரும் காது பாதிப்பு, 1969 சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. பிறவியில் வந்ததாக நினைத்துக்கொண்டால் இந்தப் பட்டியலை யார் புரட்டுவார்கள்?

பிறவியிலேயே கேளாதவர்களையும் யாரும் பரிதாபத்தோடு பார்க்க வேண்டாம். இந்த நாட்டில் அவர்கள் தங்கள் கூட்டமைப்புக்கே 'ஓராங் பெக்காக்' (மலாயில் 'செவிடர்கள்') என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள், அந்தச் சொல்லைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். அவர்களுக்கென்று சைகை மொழி இருக்கிறது, 2008 மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதை அங்கீகரித்திருக்கிறது. தாங்களே சொல்லிக்கொள்வது ஒன்று, மாமாவின் பெயரைப் பிடுங்கிவிட்டு நாம் அங்கே ஒட்டி வைப்பது வேறு.

உங்கள் வீட்டில் யாராவது மில்லில் வேலை பார்த்து இப்போது காது மந்தமாக இருந்தால், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை, எந்த மெஷின் பக்கம் நின்றார் என்று உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். அரசாங்க கிளினிக்கில் செவிச் சோதனைக்குக் கடிதம் வாங்குங்கள். அப்புறம் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள். மலாய் மொழியில் படிவம் நிரப்பத் தயக்கமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், நான் கூட வருகிறேன்.